சாலைகளில் வாழும் அரசி

நுழையும்முன்

அரசர் பலர் கோட்டைகளாலும் கோபுரங்களாலும் நினைக்கப்படுகின்றனர். சாலைகளாலும் சத்திரங்களாலும் நினைக்கப்படும் அரசி ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரைப் பற்றி மக்கள் சொல்லும் கதைகள் ஒருபுறம். அவர் செய்த பணிகள் மறுபுறம். இரண்டையும் அறிந்து, எது கதை, எது வரலாறு எனப் பகுத்துணர இப்பாடம் துணைசெய்யும்.

குறவஞ்சிக்குப் பின்னால் ஒரு பாட்டி

ஆனி, ஆடித் திங்களில் சாரல் வீசத் தொடங்கினால் குற்றாலம் மக்கள் வெள்ளத்தால் நிறையும். அம்மலையின் வளத்தைத் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியாகப் பாடினார். அந்நூலைப் போற்றிக் கவிராயருக்கு நிலம் வழங்கியவர் மதுரை மன்னர் முத்து விசயரங்க சொக்கலிங்கனார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. வரலாற்று நூல்கள் இம்மன்னரை விசயரங்க சொக்கநாதர் என்று குறிக்கும்.

கவிஞரைப் போற்றிய இம்மன்னர் பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர். தந்தை முகத்தைக் காணாதவர். அவரை மார்போடு அணைத்து வளர்த்து, அவருக்காக ஒரு நாட்டையே காத்துக் கொடுத்தவர் அவருடைய பாட்டி. அவர்தாம் இராணி மங்கம்மாள். குற்றாலத்தை அடுத்த தென்காசியில் இன்றும் ஒரு சாலை மங்கம்மாள் சாலை என்றே வழங்குகிறது.

துயரில் பிறந்த ஆட்சி

மங்கம்மாள், தளபதி துபாகுல லிங்கம நாயக்கரின் மகள். மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. 1682ஆம் ஆண்டு சொக்கநாதர் மறைந்தார். கணவருடன் மனைவியும் தீப்புகும் வழக்கம் அரச குடும்பங்களில் நிலவிய காலம் அது. மங்கம்மாள் அவ்வழியை ஏற்கவில்லை. இளம்பருவத்தினரான தம் மகன் அரங்ககிருட்டிண முத்துவீரப்பரை அரியணையில் அமர்த்தி, அவருக்கு அறிவுரை கூறி வழிநடத்தினார்.

அவ்வாறுதல் ஏழாண்டுகளே நிலைத்தது. 1689இல் முத்துவீரப்பர் பெரியம்மை நோய்க்கு இரையானார். அப்போது அவர் மனைவி முத்தம்மாள் கருவுற்றிருந்தார். தீப்புக முனைந்த மருமகளை, வயிற்றிலுள்ள குழந்தையின் பொருட்டு மங்கம்மாள் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் பிறந்த சில நாள்களில் தாயும் உயிர் துறந்தார்.

கணவர், மகன், மருமகள் ஆகிய மூவரையும் இழந்த மங்கம்மாளிடம் எஞ்சியவை இரண்டே: ஒரு பச்சிளங்குழந்தை, பகைவர் சூழ்ந்த ஒரு நாடு. மூன்று திங்கள் நிறைந்த பேரனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தாம் முடிசூடிக்கொள்ளவில்லை. 1689 முதல் 1706 வரை திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்ட அவ்வாட்சி, காப்பாட்சியாகவே நடந்தது.

வாளும் மதியும்

அக்காலத்தில் அவுரங்கசீப்பின் படைகள் தெற்கு நோக்கி வந்திருந்தன. தளபதி சுல்பிகர்கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். முகலாயப் பேரரசை எதிர்த்து நிற்கும் வலிமை மதுரைக்கு இல்லை என்பதை மங்கம்மாள் உணர்ந்தார். வீண் பெருமைக்காக மக்களைப் பலி கொடுக்க அவர் விரும்பவில்லை. திறையும் பரிசுகளும் அனுப்பி நட்புக் கொண்டார்.

போர் தவிர்க்க முடியாதபோது அவர் தயங்கவும் இல்லை. திறை செலுத்த மறுத்து மதுரைப் படையைத் தாக்கி அழித்தது திருவிதாங்கூர். 1697இல் தளவாய் நரசப்பையா தலைமையில் சென்ற படை வெற்றி பெற்று, திறையுடனும் பீரங்கிகளுடனும் திரும்பியது. 1700இல் தஞ்சை மராத்தியர் எல்லையில் தொல்லை தந்தபோது, நரசப்பையா கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைப் பகுதிக்குள் புகுந்தார். தஞ்சை அமைச்சர் பாலாஜி பொருள் கொடுத்து அமைதியை வேண்டினார்.

மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை கட்டி நீரைத் தடுத்தபோது, மங்கம்மாள் தம்மோடு போரிட்ட தஞ்சையுடனேயே கைகோத்தார். உழவரின் தண்ணீருக்கு முன்னால் பழம்பகை சிறிதாயிற்று. இரு நாட்டுப் படைகளும் புறப்பட ஆயத்தமான வேளையில், பெருமழையால் எழுந்த வெள்ளமே அவ்வணையை உடைத்துச் சென்றது.

அவர் எடுத்த முயற்சிகள் யாவும் வெற்றியில் முடியவில்லை. 1702இல் இராமநாதபுரத்தின் கிழவன் சேதுபதியுடன் நிகழ்ந்த போரில் மதுரைப் படை தோற்றது. நரசப்பையாவும் களத்தில் வீழ்ந்தார்.

சமயப் பொறை

கோயில்களுக்குக் கொடை வழங்கிய மங்கம்மாள், பிற சமயத்தாரையும் மதித்தார். கிறித்தவத் துறவி பூசேயைத் தம் அவையில் சிறப்புடன் வரவேற்றார். 1701இல் திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கு நிலக்கொடை அளித்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதான ஓவியத்தில், பேரனுடன் அவர் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

தெரிந்து தெளிவோம்

மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கும் தமுக்கம் அரண்மனை, இராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனை எனப்படுகிறது. மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் உள்ளது.

சாலையும் சத்திரமும்

மங்கம்மாளின் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தியவை போர்கள் அல்ல, சாலைகளே. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை அவர் சாலை அமைத்தார். இருமருங்கும் நிழல்தரும் மரங்கள் நடப்பட்டன. வழியில் கிணறுகளும் தண்ணீர்ப் பந்தல்களும் சத்திரங்களும் ஏற்பட்டன. நடந்தே ஊர் கடந்த காலத்தில், வெயிலில் களைத்த வழிப்போக்கருக்கு ஒரு மரநிழலும் ஒரு குவளை நீரும் உயிர் தந்தன. தென்மாவட்டங்களில் பழைய சாலை எதுவாயினும் அதனை மங்கம்மாள் சாலை என்று சொல்லும் அளவுக்கு அப்பெயர் ஊன்றிவிட்டது.

இச்சாலைகளுக்கு மக்கள் ஒரு கதை சொல்வர். ஒருநாள் அரசி தம்மை மறந்து இடக்கையால் வெற்றிலையை எடுத்து மென்றுவிட்டாராம். அக்குற்றத்திற்குக் கழுவாயாகவே அறப்பணிகளைச் செய்தாராம்.

இக்கதை கேட்கச் சுவையானது. எனினும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாலை அமைக்க நிலம் வேண்டும், ஆள் வேண்டும், நட்ட மரத்துக்கு ஆண்டுக்கணக்கில் நீர் வார்க்க வேண்டும், சத்திரத்தில் நாள்தோறும் உலை கொதிக்க மானியம் வேண்டும். இவை ஒரு நாள் மனவருத்தத்தில் முடியும் செயல்கள் அல்ல. நீண்டகாலத் திட்டமும் நிருவாகத் திறனும் கேட்பவை. கரிகாலன் கல்லணை கட்டியதற்கு அவன் செய்த பிழையை எவரும் தேடுவதில்லை. ஒரு பெண் சாலை அமைத்தால் மட்டும் அதன் பின்னால் ஒரு குற்றத்தைத் தேடுவது ஏன் என்னும் வினா இங்கே எழாமல் இராது.

இறுதிக் கதை

அவருடைய முடிவு பற்றியும் ஒரு கதை உண்டு. பேரன் வளர்ந்தபின், ஆட்சியைக் கைப்பற்ற விரும்பியோர் அரசியைச் சிறையிட்டனராம். கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாத தொலைவில் உணவை வைத்துப் பட்டினியால் அவரை மடியச் செய்தனராம். இது செவிவழியாக வந்த செய்தியே. ஆயினும், எண்ணற்றோருக்குச் சோறிட்ட கை இறுதியில் சோறின்றித் துவண்டது என்று மக்கள் சொல்லிச் சொல்லி வருந்தியதில், அவர்பால் கொண்ட அன்பு புலப்படுகிறது.

1706இல் விசயரங்கர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1732 வரை ஆண்டார். அவர் புலவரைப் போற்றினார். கோயில்களுக்கு வாரி வழங்கினார். ஆனால் பாட்டியின் ஆளுமைத் திறன் அவருக்கு வாய்க்கவில்லை. 1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. மங்கம்மாள் காத்துக் கொடுத்த அரியணை, அவருக்குப்பின் முப்பது ஆண்டுகளே நின்றது.

அரியணை மறைந்தது, சாலை மறையவில்லை. தென்காசி மங்கம்மாள் சாலையில் நாள்தோறும் நடப்போர் அப்பெயரைச் சொல்லியே வழி கேட்கின்றனர், வழி காட்டுகின்றனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள பழைய சாலை, சத்திரம், குளம் ஆகியவற்றின் பெயர்க்காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து, கதை எது, வரலாறு எது எனப் பகுத்து எழுதுக.