பெய்ட்டன் ரௌஸ்

பெய்ட்டன் ரௌஸ் 1879ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரிற் பிறந்தார். மருத்துவம் பயின்று, நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் இளம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

1909ஆம் ஆண்டு, மார்பிற் கட்டி வளர்ந்த கோழி ஒன்று அவரிடம் கொண்டுவரப்பட்டது. ரௌஸ் அக்கட்டியை அரைத்து, உயிரணுக்கள் புகவியலாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரை அவ்வினக் கோழிகளின் உடலிற் செலுத்தினார். அவற்றிற்கும் புற்றுநோய் தோன்றியது. உயிரணுவினும் நுண்ணிய பொருளொன்று நோயைப் பரப்புகின்றது என்பதை 1911இல் வெளியிட்டார். அப்பொருள் நச்சுயிரியே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

அறிஞர் பலர் அதனை அன்று ஏற்றிலர். எலிகளிடத்து ரௌஸ் செய்த சோதனைகளும் பயன் தரவில்லை. எனினும் அவர் சோர்ந்திலர். குருதியைக் கெடாது சேமிக்கும் முறையை வகுப்பதில் ஈடுபட்டார். அம்முறை முதல் உலகப்போரிற் காயமுற்றோர்க்கு உதவிற்று. பின்னர் மீண்டும் புற்றுநோய் ஆய்வில் இறங்கினார்.

1966ஆம் ஆண்டு, தம் 87ஆம் அகவையில், நோபெல் பரிசு பெற்றார், 1970இல் மறைந்தார்.

அந்நச்சுயிரியின் புற்றுநோய் மரபணு, இயல்பான உயிரணுக்களிலிருந்தே வந்தது என்பதை 1976இல் பிற்கால ஆய்வாளர் கண்டனர். கட்டியின் மரபணுவை ஆராய்ந்து அவரவர்க்கேற்ற மருந்தளிக்கும் இன்றைய முறைக்கு அக்கண்டுபிடிப்பும் வழிகோலியது. கூறுபவர் இளையவர் என்று எண்ணாது, கூறிய பொருளை ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமையாகும்.