அணுச்சோதனையை எதிர்த்த மூதறிஞர்

தமிழ்நாட்டில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய அவர், காந்தியடிகளின் வழிநின்று 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போருக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். பின்னர்ச் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் பணியாற்றினார்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களின்மீது வீசப்பட்ட இரு குண்டுகளால் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் மாண்டனர். போர் ஓய்ந்த பின்னும் வல்லரசுகள் சோதனை என்ற பெயரால் மேலும் பெரிய குண்டுகளை வெடித்தன. 1954இல் பிக்கினித் தீவில் நிகழ்ந்த சோதனையின் நச்சுச் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவ்வாண்டே ஒருவர் உயிர்நீத்தார். வானில் எழும் இந்நச்சுத் துகள் மழையோடு புல்லில் இறங்கும். புல்லை மேயும் பசுவின் பாலில் கலக்கும். அப்பாலைப் பருகும் குழந்தையின் எலும்பில் தங்கும். காற்றும் மழையும் எல்லைக்கல்லை அறியா அன்றோ?

எவருடனும் பகையில்லாத நாட்டினர் சுவாசிக்கும் காற்றை நஞ்சாக்க வல்லரசுகளுக்கு உரிமை இல்லை என்பதே இராஜாஜியின் வாதம். மேலை நாடுகளுக்கு அதற்குமுன் சென்றறியாத அவர், 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு அமெரிக்கா சென்றார். 1962 செப்டம்பர் 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். குறித்த நேரத்தையும் கடந்து அவ்வுரையாடல் நீண்டது. அடுத்த மாதமே கியூபா நெருக்கடியால் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றது.

1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றும், வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை செய்வதில்லை என ஒப்பந்தம் செய்தன. இஃது ஒருவரால் மட்டும் விளைந்த பயனன்று. நிலத்தடிச் சோதனைகளும் தொடர்ந்தன. எனினும், அதற்காகக் குரல் கொடுத்த பலருள் நம் தமிழ்ப் பெரியாரும் ஒருவர். 1972 டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம் ஜித்ராவிலும் 1941 டிசம்பரில் போர் மூண்டது. சாதாரணக் குண்டுகள் விளைத்த துயரையே நம் முதியோர் கலங்கிய கண்களோடு கூறக் கேட்டிருக்கிறோம். அணுவாயுதங்களை அறவே தடைசெய்யும் ஒப்பந்தத்தை நம் மலேசியா 2020இல் உறுதிப்படுத்தியது. அணுவாயுத நாடுகளோ இன்னும் அதில் சேரவில்லை. ஆகவே, மூதறிஞர் தொடங்கிய பணி முடியவில்லை. படையும் பதவியும் இன்றி, நியாயம் ஒன்றையே துணையாகக் கொண்டு கடல் கடந்த அம்முதியவரை நாம் நினைவிற் கொள்வோம். தீமை கண்டவிடத்து அஞ்சாது, பணிவோடு எடுத்துரைக்கப் பழகுவோம்.