காரன்வாலிஸ் பிரபு

பெரியோர் சரித்திரங்களைக் கற்போர் அவர்தம் வெற்றிகளை மட்டும் எண்ணி அமைதல் போதாது. தோல்வி நெருங்கிய காலத்தில், தம்மை நம்பி வந்த எளியோரை அவர் எவ்வாறு நடத்தினர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயத்தக்க வாழ்க்கையுடையார் காரன்வாலிஸ் பிரபு.

சார்லஸ் காரன்வாலிஸ் 1738ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். ஈட்டன் பாடசாலையிற் கல்வி பயின்று, இளமையிலேயே படையிற் சேர்ந்து, ஜெர்மனி தேசத்துப் போர்களிற் பயிற்சி பெற்றார். தந்தையார் 1762இல் இறக்கவே, பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின்மீது பார்லிமெண்டுக்கு எல்லையற்ற அதிகாரமுண்டு எனக் கூறும் சட்டம் 1766இல் வந்தபோது, அதனை எதிர்த்து வாக்களித்த மிகச் சிலருள் இவரும் ஒருவர். எனினும் யுத்தம் மூண்டபின், அரசன் ஆணைக்கு அடங்கி, அக்குடிகளையே அடக்குமாறு 1776இல் அமெரிக்கா சென்றார்.

அவரை எதிர்த்து நின்றவர் ஜார்ஜ் வாஷிங்டன். சுதந்தரத்தின் பொருட்டு வாளெடுத்த அவ்வீரர், தமது பதினோராம் வயதிலேயே பத்து அடிமைகளைத் தந்தையின் சொத்தாகப் பெற்றவர். அரசன் பக்கத்துச் சேனாதிபதியாகிய கிளிண்டனோ, கலகக்காரரிடமிருந்து தப்பி வரும் அடிமைகளுக்குப் புகலிடம் அளிப்பதாக 1779இல் விளம்பரம் செய்தார். விடுதலைக்குப் போராடியவர் அடிமைகளை உடையராயிருக்க, விடுதலையை ஒடுக்க வந்தவர் அடிமைகளுக்குப் புகலிடமாயினர்! ஆயினும் அரசனுக்கு அடங்கிய குடிகளின் அடிமைகளுக்கு அவ்விளம்பரத்தாற் பயனில்லை. அது பெரிதும் போர்த் தந்திரமே என்பது இதனால் விளங்கும்.

1781இல் காரன்வாலிஸ் வர்ஜீனியாவிற் புகுந்தபோது, ஆயிரக்கணக்கான நீக்ரோ மக்கள் அவர் சேனையைப் பின்தொடர்ந்தனர். வாஷிங்டனது சொந்தப் பண்ணையிலிருந்தே பதினேழு பேர் ஆங்கிலேயக் கப்பலொன்றில் ஏறித் தப்பினர். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் நம் திருத்தணிகையை அடுத்த சோளிங்கபுரத்தில், ஸர் ஐர் கூட் என்பார் ஐதர் அலியோடு பொருது வென்றார். மறுநாளே, கடல்களுக்கு அப்பால், யார்க்டவுன் நகரில் காரன்வாலிஸ் முற்றுகையிடப்பட்டார். இங்கே ஐதருக்குத் துணையாயிருந்த பிரெஞ்சுக்காரரே அங்கே வாஷிங்டனுக்கும் துணை.

முற்றுகையில் உணவு குறைந்தது, பெரியம்மை பரவியது. அந்நிலையிற் காரன்வாலிஸ், தம் அரண்களை அமைக்கப் பாடுபட்ட அந்நீக்ரோ மக்களையே அரணுக்கு வெளியே துரத்தினார். இரு சேனைகளுக்கும் இடையே காடுகளில் அவர்கள் நோயாலும் பசியாலும் மடிந்தனர். அக்டோபர் 19ஆம் நாள் சேனை சரணடைந்தபோது, பிரபு நோயென்று கூறித் தாம் வாராது, கீழதிகாரியை அனுப்பினார். உயிர் தப்பிய நீக்ரோக்களுட் பலர் பழைய எஜமானர் கையிற் சேர்க்கப்பட்டனர்.

தோல்வியுற்றும் அவர் மதிப்புக் குன்றவில்லை. 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். குழந்தைகளையும் பிறரையும் வாங்கிக் கப்பலேற்றி அயல்நாடுகளில் விற்கும் வியாபாரத்தை 1789இல் விளம்பரத்தால் தடுத்தார். அடிமைத்தனத்தையே ஒழிக்கும் ஏற்பாடொன்றும் தம் மனத்தில் உளதென்று கம்பெனி டைரக்டர்களுக்கு எழுதினார், அது நிறைவேறவில்லை. 1791இல் திப்பு சுல்தானை எதிர்த்துச் செல்கையில், ஆம்பூர் வழியே வருவாரென்று திப்பு எண்ணியிருக்க, வடக்கே திரும்பி, மொகிலிக் கணவாய் ஏறிப் பெங்களூரைக் கைப்பற்றினார். மறு ஆண்டு திப்புவின் புதல்வர் இருவரைப் பிணையாகப் பெற்றார். அக்காட்சி பொறித்த பீடத்தின்மேல் நிற்கும் அவர் சிலையைச் சென்னைக் கோட்டைப் பொருட்காட்சிச் சாலையிற் காணலாம்.

1793இல் அவர் வங்காளத்தில் நிறுவிய ஜமீன் முறை, 1802இல் திருத்தணிகையை உட்கொண்ட கார்வேட்டிநகர ஜமீனுக்கும் வந்தது. வரி செலுத்துவோர் உரிமையை அது வரையறுத்தது. நிலமில்லாப் பண்ணையாளின் உரிமையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இனி, வாஷிங்டன் கருத்தும் காரன்வாலிஸ் செயலும் இடம் மாறியிருப்பின் யாதாகும் எனச் சிறிது கற்பனை செய்வோம். தென் நாடுகளில் மூவாயிரம் அடிமைகளைப் படையிற் சேர்த்து விடுதலையளிக்கலாமென்று 1779இல் அமெரிக்கக் காங்கிரஸ் கூறிற்று. வாஷிங்டன் அதில் ஊக்கம் காட்டவில்லை. அவர் அதனை முழு மனத்தோடு ஆதரித்திருப்பின், தென் நாட்டுச் செல்வர் பலர் சினந்து அரசன் பக்கம் சாய்ந்திருத்தல் கூடும். குடியரசே தோன்றாதொழிந்திருத்தலும் கூடும். அன்றி, அது நிலைத்திருப்பின், 1861 முதல் 1865 வரை ஆறு லக்ஷத்துக்கு மேற்பட்ட உயிர்களை உண்ட உள்நாட்டுப் போர் நேராமலே போயிருக்கலாம். காரன்வாலிஸோ அடிமைகளை உடைமையென்றே கருதியிருப்பின், ஆயிரக்கணக்கானோர் அவரை நம்பி வந்திரார். யார்க்டவுன் காட்டில் மடிந்துமிரார். ஆனால் ஒரு நாளேனும் விடுதலைக் காற்றை நுகர்ந்துமிரார்.

வாஷிங்டன் 1799இல் இறக்குமுன், தமக்கே உரிய அடிமைகள் தம் மனைவியார் காலத்துக்குப்பின் விடுதலையடைய வேண்டுமென்று மரண சாஸனம் எழுதினார். காரன்வாலிஸ் 1805இல் மீண்டும் இந்தியா வந்து, அக்டோபர் 5ஆம் நாள் கங்கைக்கரையிலுள்ள காஜிப்பூரில் இறந்தார். அவர் எண்ணி நிறைவேற்றாத காரியம் 1843இன் ஐந்தாம் சட்டத்தாற் பாதி முடிந்தது. அடிமையை உடைமையென்று கோரும் உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கலாகாது என்பதே அதன் சாரம். அடிமையாக ஒருவரை வாங்குவதும் விற்பதும் குற்றமென்பது 1862இல் அமலுக்கு வந்த பீனல் கோடால் உறுதிப்பட்டது. இடையிற் கழிந்த ஆண்டுகளில் செங்கற்பட்டு, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களிற் பண்ணையடிமைகளாய்ப் பிறந்து இறந்தோர் பெயர்கள் எச்சிலையிலும் பொறிக்கப்படவில்லை.

மாணவ நண்பர்களே! நற்கருத்தை மனத்திற் கொள்ளுதல் எளிது. காலமறிந்து செய்தல் அரிது. இடுக்கண் வந்துழியும் அதனைக் கைவிடாமை அதனினும் அரிது. பதவி பெற்றபின் நம்மை நம்பி வருவோர் பலராவர். அவர்களுக்கு அரணுக்குள் இடமளிக்கும் உறுதி, அரண் உறுதியாயிருக்கும் நாளிலேயே நம்முள்ளத்தில் அமைதல் வேண்டும்.