மூளைக்குள் ஓடும் ரத்தத்தைப் படமெடுத்தவர்: யார் இந்த எகாஸ் மோனிஸ்?

ஆஞ்சியோகிராம் என்றாலே நமக்கு இதயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, இதய ரத்தக்குழாய்களுக்கு அந்தப் பரிசோதனை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1927-ல் மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டினார் ஒரு போர்ச்சுகல் டாக்டர். அவர்தான் எகாஸ் மோனிஸ். ஆனால், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக இல்லை. வேறொன்றுக்காக. அந்த வேறொன்றுதான் அவர் பெயருக்கு இன்றுவரை தீராத களங்கம்.

அமைச்சராக இருந்த டாக்டர்

1874-ல் போர்ச்சுகலின் அவன்கா என்ற ஊரில் பிறந்த மோனிஸ், கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1911-ல் லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியர் ஆனார். இடையில் அரசியலிலும் இறங்கி நாடாளுமன்ற உறுப்பினர், ஸ்பெயினுக்கான தூதர், வெளியுறவு அமைச்சர் என்று வலம்வந்தார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பாரிஸ் அமைதி மாநாட்டுக்கும் தன் நாட்டின் சார்பில் போனார். அதன் பிறகு அரசியலைவிட்டு விலகி, 50 வயதைத் தாண்டியவர் ஆராய்ச்சியில் உட்கார்ந்தார்.

பிரச்சினை என்ன?

அந்தக் காலத்து எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், உள்ளே இருக்கும் மூளை தெரியாது. தலைக்குள் கட்டி இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலும், எந்த இடத்தில் என்று சொல்வது கஷ்டம். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1918-ல் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அது நோயாளிக்குக் கடும் வேதனை தரும் முறை.

மோனிஸ் வேறு மாதிரி யோசித்தார். எக்ஸ்ரேயை மறைக்கும் மருந்து ஒன்றை ரத்தத்தில் கலந்துவிட்டால், ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகப் படத்தில் தெரியும் அல்லவா? கட்டி இருந்தால் பக்கத்துக் குழாய்களை அது தள்ளியிருக்கும். குழாய் வழக்கமான பாதையிலிருந்து எங்கே விலகியிருக்கிறதோ, அங்கேதான் கட்டி.

நாய்களிடமும், இறந்தவர்களின் தலைகளிலும் முதலில் சோதித்தார். கவுட் நோயால் அவரது கைவிரல்கள் முடங்கியிருந்ததால், உதவியாளர் அல்மெய்டா லிமாதான் கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தினார். முதலில் பயன்படுத்திய ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு சரிப்பட்டு வரவில்லை. ஒரு நோயாளி இறந்தேபோனார். பிறகு சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார்கள். 1927 ஜூன் மாதம், மூளைக் கட்டி இருந்த ஓர் இளைஞரின் ரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாக விழுந்தன. அடுத்த மாதமே பாரிஸ் மருத்துவர்கள் முன் அதைக் காட்டினார். இந்தக் கண்டுபிடிப்புக்காக நோபலுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும், பரிசு கிடைக்கவில்லை.

களங்கம் எப்படி வந்தது?

1935 நவம்பரில் இன்னொன்றைத் தொடங்கினார். மனநோயாளிகளின் மண்டையில் துளையிட்டு, மூளையின் முன்பகுதியில் உள்ள நரம்பிழைகளை அழிக்கும் சிகிச்சை அது. முதலில் ஆல்கஹாலைச் செலுத்தினார்கள், பிறகு கம்பி வளையத்தால் வெட்டினார்கள். சிகிச்சை பெற்றவர்களைச் சில வாரங்கள் மட்டுமே கவனித்துவிட்டு, 20 பேரின் விவரத்தை 1936-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் இதை லோபாட்டமி என்ற பெயரில் பரப்பினார். பல்லாயிரம் பேருக்கு அது செய்யப்பட்டது. பலர் பேச்சும் உணர்ச்சியும் மங்கி, பழைய ஆளாகவே இல்லாமல் போனார்கள். இதற்குத்தான் 1949-ல் நோபல் மருத்துவப் பரிசில் பாதி மோனிஸுக்குப் போனது. மனநோய்க்கு மாத்திரைகள் வந்த பிறகு, 1950-களில் இந்தச் சிகிச்சை மதிப்பிழந்தது. 1955-ல் மோனிஸ் மறைந்தார்.

இன்று என்ன மிச்சம்?

சி.டி., எம்.ஆர்.ஐ. வந்த பிறகு கட்டியைத் தேட அவர் முறை தேவைப்படவில்லை. ஆனால், மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கிறதா என்று துல்லியமாகப் பார்க்க இன்றும் ஆஞ்சியோகிராம்தான். பக்கவாதம் வந்தவருக்கு அடைப்பை வெளியே எடுக்கும்போதும், டாக்டர்கள் திரையில் பார்ப்பது அதே வகைப் படத்தைத்தான்.

கண்ணால் பார்த்த பிறகு மூளையில் கத்தி வைக்க வழி காட்டியவர், பின்னாளில் உள்ளே எதையும் பார்க்காமலேயே வெட்டச் சொன்னார். உலகம் முதலாவதைத் தினமும் பயன்படுத்துகிறது. பரிசு கொடுத்தது இரண்டாவதற்கு.