பந்தாட்ட ஆசான் ரஹீம் சாகிபு

களத்தில் நின்று ஆடியவனுடைய பெயர் மக்கள் நாவில் நெடுநாள் நிற்கும். அவனை ஆடச் செய்த ஆசிரியனுடைய பெயரோ விரைவில் மறைந்துபோம். இஃது உலகவியல்பு போலும். நம் நாட்டுக் காற்பந்தாட்டக் குழு ஆசியாக் கண்டத்தின் முன்வரிசையிலே நின்ற காலம் ஒன்று உண்டு என்று கூறின் இக்காலத்து மாணவருட் பலர் நம்பத் தயங்குவர். 1951-ஆம் ஆண்டிலும் 1962-ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டு விழாவில் அக்குழு தங்கப் பதக்கம் பெற்றது. இடையே 1956-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் பந்தயத்தில் நான்காம் இடம் எய்தியது. இம்மூன்று பெருமைக்கும் பின்னே நின்றவர் ஒருவரே. அவர் படைத்தலைவரல்லர், செல்வரல்லர், ஐதராபாத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிய உபாத்தியாயர். சையது அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டு யாம் அறிந்தவாறு சுருங்கக் கூறுவோம்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்திலே பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றார். உருது மொழியின் வாயிலாகவே உயர்கல்வி புகட்டுதற்கென்று 1918-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது அப்பல்கலைக்கழகம்; தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதொன்று. மாணவராயிருந்த காலத்திலேயே ரஹீம் பந்தாட்டத்திற் பெயர் பெற்றவர். பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, நகரத்துப் பள்ளிகள் சிலவற்றிற் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் சான்றிதழ் பெற்று, வகுப்பறையை விட்டு வெளியே வந்து, மைதானத்தையே தம் வகுப்பறையாக்கிக்கொண்டார். 1943-ஆம் ஆண்டு முதல் ஐதராபாத் காற்பந்தாட்டக் கழகத்தின் காரியதரிசியாய் அமர்ந்த அவர், இறக்குங்காறும் அப்பணியை விட்டாரில்லை.

அவர் கற்பித்த முறையே இவ்வரலாற்றின் உயிர்நிலையாதலின் அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

அக்காலத்து நம் நாட்டு ஆட்டக்காரர் பந்தைக் கண்டால் அதனைத் தம் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு, எதிரிகள் ஒவ்வொருவரையும் வளைத்து வளைத்து ஓடுதலையே பெருந்திறமையாகக் கருதினர். பார்ப்போரும் அதற்கே கைகொட்டினர். இதனை ‘டிரிப்ளிங்’ என்பர். ரஹீமோ பந்து மனிதனினும் விரைந்து ஓடும் என்னும் எளிய உண்மையை உணர்ந்தவர். ஒருவன் பத்து அடி ஓடுதற்குள் பந்து முப்பது அடி ஓடிவிடும். ஆகவே பந்து வந்தவுடன் ஒரே தொடுதலில் அதனைத் தோழனுக்கு அனுப்பிவிட்டு, வெற்றிடம் நோக்கி ஓடவேண்டும் என்று அவர் கற்பித்தார். சொல்லிக் கொடுத்த மட்டில் பிள்ளைகள் பழக்கத்தை விடுவார்களா? விடார். ஆதலின் இளைஞர்க்கென்றே டிரிப்ளிங் கூடாது என்னும் விதியுடைய போட்டிகளை அவர் நடத்தினார். வலக்கால் வன்மையுடையவன் இடக்காலாலேயே உதைத்தல் வேண்டும் என்னும் விதியுடைய போட்டிகளும் நடத்தினார். இலக்கணத்தைச் சூத்திரமாக மனப்பாடஞ் செய்விக்காமல் வாக்கியம் எழுதச் செய்து கற்பிக்கும் நல்லாசிரியரது முறை இதுவன்றோ!

இதன் அருமை தென்காசிச் சீமையிலே பிறந்து வளர்ந்த எமக்கு நன்கு விளங்கும். குற்றாலத்திற் சாரல் தொடங்கியவுடன் தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை முதலிய ஊர்களின் வெளிகளெல்லாம் நனைந்து பசுமையுறும். மாலை வேளைகளில் தூறலுக்கிடையே சிறுவர் வெறுங்காலோடு பந்துதைப்பர், யாமும் உதைத்திருக்கிறோம். அங்கே பந்து ஒருவனிடம் அகப்பட்டால் அகப்பட்டதுதான். அவன் அதனை இழக்கும்வரை பிறர்க்குக் கொடான். சுற்றி நிற்போர் கூவுவர், வைவர். ஆனால் கொடுத்து ஆடுதல் எவ்வாறு என்று கற்பிப்பார் ஒருவரும் இலர். ரஹீம் ஐதராபாத்தின் மைதானங்களிலே கண்டதும் இத்தகைய சிறுவரையே. அவர் அவர்களை வையாமல், அவர்களுக்கேற்ற விளையாட்டொன்றைப் புதிதாக அமைத்துக் கொடுத்தார். வேற்றுமை இவ்வளவே.

இவ்வாறு பழகிய ஆட்டத்தின் பயன் முதலில் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவிலே வெளிப்பட்டது. பம்பாயில் நிகழும் ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் அக்குழு 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் இடையறாது வெற்றி பெற்றது. கல்கத்தாவின் பெருங்குழுக்கள் திகைத்தன. ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆட்டக்காரராக்குதலில் ரஹீம் மிக்க ஆர்வமுடையவர். சிகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் வறிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்த துளசிதாஸ் பலராம் என்னும் சிறுவரைக் கண்டு, நகரத்திற்கு வந்து பயிற்சி பெறுதற்குச் சைக்கிள் வாடகையும் கொடுத்து உதவினார் என்பர். அப்பலராமே பின்னர் ஆசியாவின் சிறந்த முன்னணி ஆட்டக்காரருள் ஒருவரானார்.

1950-ஆம் ஆண்டளவில் நாட்டுக் குழுவைப் பயிற்றும் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நிகழ்ந்தது. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் மும்மூன்று கோல்களால் வென்ற நம்மவர், இறுதிப் போட்டியில் ஈரானை எதிர்த்தனர். சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் தங்கம் நமதாயிற்று. சைலேன் மன்னா தலைவராயிருந்தார்.

வெற்றியை அடுத்துப் பேரிடி ஒன்று விழுந்தது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். வெறுங்காலால் ஆடுவோனுக்குப் பந்தின் நயம் நன்கு தெரியும் என்பது மெய்யே. வறண்ட தரையில் அது பெருந்துணை. ஆனால் குளிர்ந்த வடநாட்டுப் புல்தரையில், பூட்ஸ் அணிந்த வலியோர் நடுவே, அது துணையாகவில்லை. பாசி படிந்த அருவிப் பாறைமேல் நடந்து பழகிய குற்றாலவாசிகளுக்குக் கால் நிலைகொள்ளாமையின் துன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இத்தோல்விக்குப்பின் நாட்டுக் கழகம் பூட்ஸ் அணிதலைக் கட்டாயமாக்கியது.

வேறொருவராயின் பூட்ஸின்மேற் பழியைப் போட்டு அமைந்திருப்பர். ரஹீம் அவ்வளவில் அமைந்தாரில்லை. அவ்வாண்டு தங்கம் வென்றவர் ஹங்கேரியர். 1953-ஆம் ஆண்டு இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே ஆறுக்கு மூன்று என்று வென்று உலகை வியப்பித்தவரும் அவரே. நடு முன்னணியில் நிற்போனைச் சற்றுப் பின்னே நிறுத்தி, அவனைத் தொடர்ந்து வரும் எதிரியை இடம் பெயரச் செய்து, அவ்விடைவெளியிற் பிறரைப் புகவிடுதல் அவர்கள் கையாண்ட உபாயம். அம்முறையை ரஹீம் ஊன்றிக் கற்றுத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நாற்பது வயதைக் கடந்தும், நாட்டுக் குழுவின் பயிற்சியாளர் என்னும் பெருமையைப் பெற்றும், அவர் மாணவராகவே இருந்தார் என்பது எமக்கு அவர் வென்ற பதக்கங்களினும் பெரிதாகத் தோன்றுகிறது.

அதன் பயன் 1956-ஆம் ஆண்டு மெல்போர்னிலே விளங்கியது. டிசம்பர் 1-ஆம் நாள் ஆஸ்திரேலியாவை அதன் நாட்டிலேயே நான்குக்கு இரண்டு என்று நம்மவர் வென்றனர். நெவில் டிசௌசா மூன்று கோல்களும் கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தனர். ஒலிம்பிக் அரையிறுதியில் ஆசிய நாடொன்று புகுந்தது அதுவே முதன்முறை. அங்கே பழைய பகையாகிய யூகோஸ்லாவியாவே எதிர்நின்றது. நம்மவர் முதலிற் கோல் அடித்து முந்தியும், நான்குக்கு ஒன்று என்று தோற்றனர். மூன்றாம் இடத்திற்கான போட்டியிற் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினர். எனினும் நான்காண்டுகட்கு முன் பத்துக் கோல் வாங்கிய குழு இதுவென்பதை நினைத்தல் வேண்டும்.

1960-ஆம் ஆண்டு ரோமாபுரியில் ஹங்கேரியிடம் ஒரே கோல் வேற்றுமையில் தோற்று, பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று சமன் செய்து, பெருவிடம் தோற்று நம் குழு திரும்பியது. அக்குழுவிலே ரஹீமின் மைந்தர் ஷாகித் ஹக்கீமும் ஒருவர். மூன்று போட்டியிலும் தந்தை அவரைக் களத்தில் இறக்கினாரில்லை. நடுவுநிலைமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவிற்கு வருவோம். ரஹீமின் உடலை நுரையீரற் புற்றுநோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதனைப் பொருட்படுத்தாது குழுவோடு சென்றார். முதற் போட்டியிலேயே தென்கொரியா இரண்டு கோல்களால் நம்மை வென்றது. அடுத்துத் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றோம். ஆனால் தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானையும் வென்று அரையிறுதி புகுந்தபோது ரஹீமின் முன்னே ஒரு வினா நின்றது. காயமுற்ற ஜர்னைலை ஆடவிடுவதா, விடாதொழிவதா? அவர் ஆடவிட்டார். அதனினும் வியப்பு, தற்காப்பில் அன்று, முன்னணியின் நடுவே நிறுத்தினார். அருண் கோஷ் தற்காப்பைத் தாங்கினார். தலையிற் கட்டுடன் எதிரியின் கோட்டைக்குள்ளே புகுந்த அச்சீக்கியர், தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியிலும் ஒரு கோல் அடித்தார். மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம்.

மைதானத்திற்கு வெளியே வேறொரு புயல். இஸ்ரவேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு விழாவினின்றும் விலக்கியதை இந்திய அதிகாரியாகிய சோந்தி கண்டித்தார். அதனால் நகரத்து மக்கள் இந்தியர்மேற் கடுஞ்சினங் கொண்டனர். இறுதிப் போட்டிக்கு முந்திய இரவு ரஹீம் தம் பிள்ளைகளை அழைத்து, தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், மறுநாள் அவர்கள் வெல்லும் தங்கமே அப்பரிசு என்றும் கேட்டார் என்பர். செப்டம்பர் 4-ஆம் நாள் மீண்டும் தென்கொரியா எதிர்நின்றது. ஏறத்தாழ இலட்சம் பேர் கூடிய அரங்கில் நம்மவர் பந்தைத் தொடும்போதெல்லாம் பழிக்கும் ஓசையே எழுந்தது. பாகிஸ்தானத்து ஹாக்கி வீரர் மட்டும் நம்மவர்க்காக ஆரவாரித்தனர் என்பது கேட்போர் நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி. கோலைக் காக்கத் தங்கராஜ் நின்றார். பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், சிறிது நேரத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். ஆட்டம் முடியுந் தறுவாயிற் கொரியர் ஒன்று திருப்பினர், அவ்வளவே. சுனி கோஸ்வாமி தலைமை தாங்கிய அக்குழுவிலே தங்கராஜ், பலராம், எத்திராஜ், அருமைநாயகம் என்னும் தமிழ்ப் பெயர்களைக் காணுந்தோறும் எமக்கு உள்ளம் பூரிக்கிறது.

அடுத்த ஆண்டு, 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் இவ்வுலகை நீத்தார். அகவை 53. அவர் பழக்கிய வீரர் பலர் ஆடிய குழு 1964-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. 1970-ஆம் ஆண்டு ஆசிய விழாவில் மூன்றாம் இடம் பெற்றது. தங்கமோ மீண்டும் வரவில்லை. ஒலிம்பிக் பந்தாட்டத்தில் 1960-க்குப்பின் நம் குழு ஆடியதேயில்லை. வீரர் இல்லாமையால் இவ்வாறாயிற்று என்று யாம் கருதோம். வீரரைக் கொண்டாடிய நாடு, சிறுவர்க்கு அவர் நடத்திய அந்த விநோதப் போட்டிகளை ஊர்தோறும் நடத்த எண்ணவில்லை.

ஆயினும் அவர் விதைத்தது முற்றும் வீணாகவில்லை. மலாயாவின் முதற் பிரதமராகிய துங்கு அப்துல் ரகுமானின் ஆதரவில், 1959-ஆம் ஆண்டு கோலாலம்பூரிலே தொடங்கியது ஆசிய இளைஞர் காற்பந்தாட்டப் போட்டி. இருபது வயதிற்குட்பட்டோர், அஃதாவது எம்மொத்த வயதினர், ஆடுவது அது. 1974-ஆம் ஆண்டு அப்போட்டி பாங்காக்கில் நிகழ்ந்தபோது நம் இளைஞர் குழு இறுதிவரை சென்று, ஈரானோடு இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்து, கோப்பையைப் பகிர்ந்து கொண்டது. நம் இளைஞர் குழு அப்போட்டியிற் பெற்ற பட்டம் இன்றுவரை அஃதொன்றே. அக்குழுவைப் பயிற்றியவர் யார்? ஜகார்த்தாவிலே ஜர்னைல் விட்ட இடத்தைத் தாங்கி நின்ற அருண் கோஷ். தலைவர் யார்? ஐதராபாத்திற் பிறந்த ஷபீர் அலி. ரஹீம் இறந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாய் ஓடி, அருவியையே கண்டறியாத வயல்களைச் சென்று விளைவிப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோமன்றோ?

2017-ஆம் ஆண்டில் பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையை நம் நாடே நடத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாள் தில்லியிலே கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூர்ச் சிறுவர் ஜீக்சன் சிங் அடித்த கோலே உலகக் கோப்பைப் போட்டியொன்றில் இந்தியர் அடித்த முதற் கோல். பயிற்சியாளர்க்கு நாடு வழங்கும் துரோணாச்சாரியர் விருது 1985-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதற்கு இருபத்திரண்டாண்டு முன்னரே ரஹீம் மறைந்துவிட்டார். 2024-ஆம் ஆண்டில் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் அவர் வரலாற்றைக் காட்டிய பின்னரே எம் தோழருட் பலர் அப்பெயரைக் கேள்வியுற்றனர்.