பாரடேயும் அவர் துணைவரும்

இலண்டன் மாநகரின் தென்புறத்தே நியூயிங்டன் என்னும் பகுதியில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மைக்கேல் பாரடே பிறந்தார். தந்தையார் கொல்லர், நோயினால் நலிந்தவர். எழுதவும் படிக்கவும் ஓரளவு கற்றதே பாரடே பெற்ற பள்ளிக் கல்வி. பதின்மூன்றாம் வயதில் அவர் புத்தகக் கடையொன்றில் ஏவல் வேலைக்குச் சேர்ந்தார். பின்பு அங்கேயே ஏழாண்டுகள் நூல் கட்டும் தொழிலைப் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படித்தும் வந்தார். மின்சாரத்தைப் பற்றியும் வேதியியலைப் பற்றியும் அவர் முதன்முதலில் அறிந்தது இவ்வாறே.

1812ஆம் ஆண்டில், கடைக்கு வந்த அன்பர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டைக் கொண்டு, இராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை விரிவாக எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813 மார்ச்சு முதல் நாள் அவ்வாய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் டேவி சுரங்கத் தொழிலாளரின் உயிர் காக்கும் விளக்கை அமைத்தார். அதைப் பற்றி எழுதியபோது, சோதனைகளில் பாரடே புரிந்த திறமையான உதவிக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதாக அச்சில் அறிவித்தார். உதவியாளர் பெயரை ஏட்டில் குறிப்பது அந்நாளில் எல்லோரும் செய்த செயலன்று.

அந்த ஆய்வுக்கூடத்திற்கு வேறு அறிஞர்களும் வந்து சோதனை செய்வதுண்டு. 1821ஆம் ஆண்டில் வொல்லாஸ்டன் என்னும் பேரறிஞர், மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தின் உதவியால் தன்னச்சிலேயே சுழலச் செய்யலாம் எனக் கருதி, டேவியுடன் அங்கே முயன்று பார்த்தார், முயற்சி கைகூடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பாரடே வேறு வழியை நாடினார். பாதரசம் நிரம்பிய கிண்ணத்தில் காந்தத்தை நிறுத்தி, அதனைச் சுற்றிக் கம்பி வட்டமிடச் செய்தார். மகிழ்ச்சி மிகுதியால் கட்டுரையை விரைந்து அச்சிற்கு அனுப்பினார். வொல்லாஸ்டனைக் கண்டு பேச எண்ணிச் சென்றபோது அவர் ஊரில் இல்லை. கட்டுரை அவர் பெயரைக் குறிப்பிடாமலே வெளிவந்தது.

பிறர் கருத்தைக் களவாடினார் என்னும் பழி எழுந்தது. சோதனை பாரடேயின் சொந்தச் சோதனையே. ஆயினும் ஒரு வரி எழுதாமற்போனது பிழையே. அவர் மனம் பெரிதும் வருந்தினார். வொல்லாஸ்டனுக்குக் கடிதம் எழுதி, நேரில் கண்டு, நடந்ததை விளக்கினார். பெருந்தன்மை மிக்க வொல்லாஸ்டன் சினம் கொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்திற்கு வந்து சோதனையைக் கண்டு சென்றார். 1823இல் பாரடே அவ்வரலாற்றை வெளிப்படையாக எழுதி அச்சிட்டார். எனினும் இராயல் சங்கத்தில் உறுப்பினராகும் முயற்சியை அதன் தலைவரான டேவியே எதிர்த்தார். 1824 சனவரியில் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டபோது எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு.

தொலைநோக்கிகளுக்கு ஏற்ற உயர்ந்த கண்ணாடியை உருவாக்கும் பணி பின்னர் பாரடேயிடம் வந்தது. அதற்கென 1827இல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டப்பட்டது. உலையைக் காக்கச் சார்லஸ் ஆண்டர்சன் என்னும் முன்னாள் பீரங்கிப்படை வீரர் அமர்த்தப்பட்டார். ஒருநாள் இரவு, அவரை வீட்டிற்கு அனுப்பப் பாரடே மறந்துவிட்டார் என்றும், விடியும்வரை ஆண்டர்சன் உலையை எரித்துக்கொண்டே இருந்தார் என்றும் கூறுவர். ஆண்டுகள் சில உழைத்தும் அக்கண்ணாடி தொலைநோக்கிக்கு உதவவில்லை. பாரடே அதனை எடுத்து வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிகளில் ஈடுபட்டார். 1831இல் காந்தத்தினின்று மின்சாரம் பிறக்கும் வகையைக் கண்டறிந்தார். ஆண்டர்சனோ கூடத்திலேயே தங்கி, அவருக்குத் துணை புரிந்து வந்தார்.

1845 செப்டம்பர் 13ஆம் நாள், காந்தம் ஒளியை மாற்றுமா என்று ஆராய்ந்த பாரடே, பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, பழைய கனத்த கண்ணாடித் துண்டையும் எடுத்தார். வலிய காந்தத்தின் அருகே அதனூடு சென்ற ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்திற்கும் தொடர்புண்டு என்பது அன்றே முதன்முதல் தெளிவாயிற்று.

இச்செய்தியை அறிவித்த கட்டுரையில் அக்கண்ணாடியைப் பற்றிக் கூறுமிடத்தே பாரடே ஓர் அடிக்குறிப்பு எழுதினார். கண்ணாடிச் சோதனைக்காக வந்த ஆண்டர்சன் அதுமுதல் தம் ஆராய்ச்சிகள் அனைத்திலும் உடனிருந்தவர் என்றும், அவருடைய கவனத்திற்கும் உறுதிக்கும் துல்லியத்திற்கும் நேர்மைக்கும் தாம் பெரிதும் கடன்பட்டவர் என்றும் அதில் குறித்தார். ஆண்டர்சன் 1866இல் இறக்கும்வரை இன்ஸ்டிடியூஷனின் பணியிலேயே இருந்தார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் பாரடேயும் மறைந்தார்.