வேரில் வாழும் பெயர்

தில்லியில் யுனானி மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற குடும்பத்தில் 1868ஆம் ஆண்டு பிறந்தவர் ஹக்கீம் அஜ்மல் கான். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார். எனினும் அவர் பெரிதும் உழைத்தது மருத்துவத்திற்கே. மூலிகை நோயைத் தீர்க்கிறது என்றால் மட்டும் போதாது, எதனால் தீர்க்கிறது என்று அறிவியல் முறையில் ஆராய வேண்டும் எனக் கருதினார்.

கரோல் பாக்கில் அவர் நிறுவிய திப்பியா கல்லூரியைக் காந்தியடிகள் 1921இல் திறந்து வைத்தார். ஆயுர்வேதமும் யுனானியும் அங்கே ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. மூலிகை ஆய்வுக்காக, ஜெர்மனியில் வேதியியல் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ஆய்வின் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1927 டிசம்பரில் காலமானார்.

சித்திக்கி சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்தார். மனநோயாளிகளுக்கு நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தந்துவந்த வேர் அது. வேரைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, அதில் கரைந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். 1931இல் தூய படிகமாக ஒரு பொருள் கிடைத்தது. சித்திக்கி அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். பின்னாளில் அது இதயத்துடிப்புக் கோளாறுக்கு மருந்தாயிற்று.